மனமிருந்தால் மதிப்பெண் உண்டா?

2014-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் படிக்கும் அத்தனை பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னது. தொண்ணூறு சதவீதம் அல்ல, தொண்ணூற்றொன்பது சதவீதமும் அல்ல, நூறு. 2002 ஜனவரி 8 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதில் கையெழுத்திட்டார். 'எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது' என்பதுதான் சட்டத்தின் பெயர். இப்படி ஒரு இலக்கு எட்டப்படாது என்பதைச் சொல்ல கல்வியாளர் யாரும் தேவையில்லை. ஆனாலும் பிரதிநிதிகள் சபையில் 381 பேர் ஆதரித்தார்கள், 41 பேர் எதிர்த்தார்கள். செனட்டில் 87-க்கு 10. குடியரசுக் கட்சியின் ஜான் பெய்னரும் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியும் ஒரே மேடையில் நின்ற அரிதான தருணம் அது.

அவ்வளவு பேர் ஒன்றுசேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில்தான் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு பெரிய அளவில் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பணம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்ததா என்று யார் பார்ப்பது என்ற கேள்வியை அப்போதே செனட்டர் ராபர்ட் கென்னடி எழுப்பினார். அதற்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. 1983-இல் ரீகன் அரசு அமைத்த ஆணையம், நாடே ஆபத்தில் இருக்கிறது என்கிற தொனியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்புறம் வந்த இருபது ஆண்டுகளில் இரண்டு தரப்பும் இரண்டு வழிகளில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. வரிப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்றது வலதுசாரித் தரப்பு. பள்ளியின் சராசரி மதிப்பெண் நன்றாக இருந்தாலும் அதற்குள் கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் மறைந்துபோகிறார்கள், அவர்களைத் தனியாக எண்ணிக் காட்டுங்கள் என்றது சிவில் உரிமைத் தரப்பு.

இரண்டாவது கோரிக்கை முக்கியமானது. இந்தச் சட்டத்தைத் திட்டுகிறவர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு, உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறை. முடிவுகளை மொத்தமாக மட்டும் வெளியிட்டால் போதாது. இனம், வருமானம், உடல்திறன், வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள் என்று பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு பிரிவு இலக்கைத் தவறவிட்டாலும் பள்ளி முழுவதும் தவறியதாகக் கணக்கு. தொடர்ந்து இரண்டு ஆண்டு தவறினால் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டும் தவறினால் அரசுச் செலவில் தனிப்பயிற்சி. அதற்கு மேல் ஆசிரியர்களை மாற்றுவது, கடைசியில் பள்ளியையே கலைத்துக் கட்டுவது. தண்டனைப் படிகள் துல்லியமாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் 'தேர்ச்சி' என்றால் எத்தனை மதிப்பெண் என்பதை மட்டும் அந்தந்த மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கோட்டைத் தாண்டாவிட்டால் அடி விழும், கோடு போடுவது உன் கையில் என்றால் யாராக இருந்தாலும் கோட்டைக் கொஞ்சம் கீழே போடத்தான் பார்ப்பார்கள். சில மாநிலங்கள் அப்படித்தான் செய்தன.

தேர்வையும் பணத்தையும் கட்டிப்போடும் யோசனை அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது அல்ல. 1862-இலேயே இங்கிலாந்து அதைச் செய்து பார்த்துவிட்டது. ராபர்ட் லோ என்ற அமைச்சர் கொண்டுவந்த விதிப்படி, பள்ளிக்கு வரும் மானியம் இரண்டு பங்கு. பிள்ளையின் வருகைக்கு 4 ஷில்லிங், தேர்வுக்கு 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் அரசு ஆய்வாளர் நேரில் வந்து சோதிப்பார். ஒரு பாடத்தில் பிள்ளை தோற்றால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. 'இது மலிவாக இல்லாவிட்டால் பயனுள்ளதாக இருக்கும், பயனில்லாவிட்டால் மலிவாக இருக்கும்' என்று நாடாளுமன்றத்தில் சாமர்த்தியமாகப் பேசினார் லோ. விளைவு என்ன? பள்ளிகள் மானியம் வரும் மூன்று பாடங்களுக்குள் சுருங்கின. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, பார்க்காமலே 'வாசித்தார்கள்'. கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்தவர். இந்த முறை கற்பித்தலை வெறும் யந்திர வேலையாக்கிவிட்டது என்று தன் அறிக்கைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். 1890-களில்தான் அது முழுவதுமாக ஒழிந்தது. நூறு ஆண்டு கழித்து வாஷிங்டனில் சட்டம் எழுதியவர்கள் இதைப் படித்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

சரி, அமெரிக்காவில் என்ன நடந்தது? மதிப்பெண் ஏறியது. மதிப்பெண் ஏறினால் படிப்பும் ஏறியது என்று அர்த்தமா என்பதுதான் சிக்கல்.

1987-இல், இந்தச் சட்டத்துக்கெல்லாம் முன்பே, ஜான் கேனல் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். 50 மாநிலங்களும் தங்கள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் தேசிய சராசரிக்கு மேலே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. எல்லோரும் சராசரிக்கு மேலே இருக்க முடியாதே! ஒப்பீட்டுக்கு வைத்திருந்த அளவுகள் பழையவை, அதே தேர்வைத் திரும்பத் திரும்ப நடத்தியதில் பள்ளிகளுக்கு அது பழகிப்போயிருந்தது என்று பின்னால் தெரிந்தது. அடுத்து டேனியல் கோரெட்ஸும் சக ஆய்வாளர்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. பெயர் சொல்லாத ஒரு பள்ளி மாவட்டம் பழைய தேர்வை விட்டுப் புதிய தேர்வுக்கு மாறியது. முதல் ஆண்டு மூன்றாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் சரிந்தது. நான்கு ஆண்டில் மீண்டும் பழைய உயரத்தைத் தொட்டது. முன்னேற்றம் என்று எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். ஆய்வாளர்கள் அதே பிள்ளைகளுக்கு, கைவிடப்பட்ட பழைய தேர்வைக் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் கீழே விழுந்தது. பிள்ளைகள் கூடுதலாகக் கணக்கு கற்கவில்லை. ஒரு தேர்வை விட்டு இன்னொரு தேர்வைக் கற்றிருந்தார்கள்.

இதற்காகத்தான் நேப் எனப்படும் தேசிய மதிப்பீட்டைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1969 முதல் நடக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு: நாடெங்கும் சில பள்ளிகள், அவற்றில் சில பிள்ளைகள், அவர்களுக்கும் வினாத்தாளில் ஒரு பகுதி மட்டும். எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் கிடையாது, எந்தப் பள்ளிக்கும் பெயர் கெடாது. அதனால் அதற்காக யாரும் பயிற்சி கொடுப்பதில்லை, திருத்தி எழுதுவதும் இல்லை. மாநிலத் தேர்வில் மதிப்பெண் பாய்ந்து ஏறிய இடங்களில் நேப் கணக்கு பல நேரம் மெதுவாகத்தான் நகர்ந்தது.

தண்டனை வந்ததும் பள்ளிகள் எதையெல்லாம் செய்தன என்பதற்கு ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. தேர்ச்சிக் கோட்டுக்கு அருகில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாகப் படிப்பவர் எப்படியும் தாண்டிவிடுவார்; ரொம்பப் பின்தங்கியவர் எப்படியும் தாண்ட மாட்டார்; இருவருக்கும் நேரம் செலவிடுவது கணக்குக்கு வீண். சிகாகோவில் நீல், ஷான்சன்பாக் என்ற ஆய்வாளர்கள் பார்த்தபோது நடுவில் இருந்த பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியிருந்தது. அடிமட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெளிவான பலன் எதுவும் இல்லை. பின்தங்கியவர்களுக்காக எழுதப்பட்ட சட்டத்தில் இப்படி. ஃபுளோரிடாவில், ஒரே சண்டையில் மாட்டிய இரண்டு மாணவர்களில் குறைந்த மதிப்பெண் வாங்குபவருக்குத் தேர்வுக் காலத்தில் இடைநீக்கம் நீண்டுபோனதை டேவிட் ஃபிக்லியோ காட்டினார். அவரே இன்னொரு ஆய்வில், வர்ஜீனியாவில் தண்டனைக்குப் பயந்த பள்ளிகள் இருந்த மாவட்டங்களில் தேர்வு நாட்களின் மதிய உணவில் கலோரி கூடியிருந்ததையும் கண்டார். சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை. அன்றைக்காவது பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டிருப்பார்கள்.

அட்லாண்டாவில் நடந்ததோ வேறு ரகம். அங்கே நகரின் அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை வகித்த கண்காணிப்பாளர் பெவர்லி ஹால், மதிப்பெண் உயர்வுக்காக 2009-இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்ற விருது பெற்றவர். உள்ளூர் நாளிதழ் ஒன்று புள்ளிவிவரத்தில் ஏதோ இடிக்கிறது என்று எழுத ஆரம்பித்தது. விடைத்தாள்களில் அழித்துத் திருத்திய இடங்களை எண்ணினார்கள். தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த இடங்கள் நம்ப முடியாத அளவில் இருந்தன. 2011-இல் வந்த மாநில விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் மோசடி நடந்ததாகவும் 178 பேருக்கு அதில் தொடர்பு இருப்பதாகவும் சொன்னது. திருத்தியது மாணவர்கள் அல்ல, ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும். 2015-இல் நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது, அதுவும் கும்பல்களை ஒடுக்க எழுதிய சட்டத்தின் கீழ். குற்றச்சாட்டை மறுத்துவந்த ஹால் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது? தேர்ச்சி பெற்றதாகத் தாளில் இருந்ததால் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் உதவி கிடைக்கவில்லை. இந்தக் கதையில் என்னை உறுத்துவது இதுதான். சிறைத் தண்டனை அல்ல.

மோசடி எங்கோ ஓர் ஊரின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. சிகாகோவில் விடைகளின் வரிசை ஒழுங்கை வைத்து பிரையன் ஜேகப், ஸ்டீவன் லெவிட் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், ஆண்டுக்குக் குறைந்தது 4 முதல் 5 சதவீத வகுப்புகளில் கடுமையான முறைகேடு நடந்திருக்கும் என்று தெரிந்தது. ஓர் எண்ணுக்கு எவ்வளவு அதிகமான முடிவுகளைக் கட்டிப்போடுகிறோமோ, அந்த எண் அவ்வளவு கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970-களிலேயே எழுதிவைத்தார். கல்விக் கொள்கை பற்றிய எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதை மேற்கோள் காட்டாமல் இருக்க மாட்டார்.

இதுவரை படித்தவர்களுக்குத் தேர்வு, பள்ளிகளை முடிவுகளின்படி வரிசைப்படுத்தும் தரப்பட்டியல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். அங்கேதான் இன்னொரு தரப்பின் சான்றுகளையும் பார்க்க வேண்டும். தாமஸ் டீ என்ற ஆய்வாளரும் ஜேகப்பும் செய்த ஆய்வில், 2002 சட்டத்துக்குப் பிறகு நான்காம் வகுப்புக் கணக்கு உண்மையாகவே உயர்ந்திருந்தது, அதுவும் யாரும் ஏமாற்றத் தேவையில்லாத நேப் மதிப்பீட்டில். வாசிப்பில் அப்படி எதுவும் இல்லை. வேல்ஸ் 2001-இல் பள்ளித் தரப்பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது, இங்கிலாந்து தொடர்ந்தது. அதன் பிறகு வேல்ஸ் பள்ளிகளின் முடிவுகள் இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் சரிந்ததாக பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மேல்மட்டப் பள்ளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரிந்தவை மற்றவை. பட்டியல் இல்லாதபோது யார் கவனிப்பாரற்றுப் போகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு டெக்சாஸைப் பற்றியது. டேவிட் டெமிங்கும் சக ஆய்வாளர்களும் 1990-களில் அங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களை 25 வயது வரை பின்தொடர்ந்தார்கள். 'மோசமான பள்ளி' என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இருந்த பள்ளிகளில் படித்தவர்கள், பிற்பாடு கல்லூரிப் படிப்பிலும் சம்பளத்திலும் கொஞ்சம் மேலே இருந்தார்கள். ஆக, பயம் வேலை செய்தது. ஆனால் 'நல்ல பள்ளி' என்ற பட்டத்துக்கு ஆசைப்பட்ட பள்ளிகளில் நேர் எதிர். அங்கே குறைந்த மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளைச் சிறப்புக் கல்விப் பிரிவில் சேர்த்துத் தேர்வுக் கணக்கிலிருந்து ஒதுக்கினார்கள். பின்னாளில் அந்தப் பிள்ளைகளின் சம்பளம் குறைந்திருந்தது. ஒரே மாநிலம், ஒரே விதி, ஒரே தேர்வு. ஒரு பள்ளி பிள்ளையைத் தூக்கிவிட்டது, இன்னொன்று மறைத்துவைத்தது.

இந்த இடத்தில்தான் விவாதத்தின் முடிச்சு இருப்பதாக நினைக்கிறேன். தண்டனையும் பரிசும் வைத்து எழுதிய எல்லாச் சட்டங்களுக்கும் அடியில் 'மனமிருந்தால் மார்க்கம் உண்டு' என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆசிரியருக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியும், மனம்தான் வைக்கவில்லை. ஆகவே கொஞ்சம் நெருக்கினால் மனம் வைப்பார். மனம் வைத்தும் வழி தெரியாத ஆசிரியரை நெருக்கினால் என்ன செய்வார் என்று அந்தச் சட்டங்கள் யோசிக்கவில்லை. தெரிந்த வழியைப் பிடிப்பார்: பழைய வினாத்தாள், கோட்டருகே உள்ள பிள்ளை, கடைசியில் அழிப்பான்.

ஒபாமா காலத்தில் இதே நம்பிக்கை பள்ளியிலிருந்து ஆசிரியருக்கு இறங்கியது. 2009-இல் 435 கோடி டாலர் போட்டி நிதி ஒன்றை அறிவித்து, மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை மதிப்பிடும் மாநிலங்களுக்குப் புள்ளிகள் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாக முன்னேறினார் என்று கணித்து, அந்தக் கூடுதலை ஆசிரியர் கணக்கில் வரவு வைக்கும் முறை அது. நல்ல ஆசிரியரிடம் படித்தவர்கள் பிற்காலத்தில் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் பெரிய தரவை வைத்துக் காட்டியது அந்தத் தரப்புக்குப் பலம். 2014-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் எச்சரித்தது: மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆயிரம் ஆசிரியர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற உண்மையை, ஒரு தனி ஆசிரியரை வேலையை விட்டு நீக்குவதற்கு ஆதாரமாக்கினால் வழக்குதான் வரும். வந்தது.

மனம்தான் பிரச்சினை என்றால் பணம் அதைத் தீர்த்திருக்க வேண்டும். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை அதையும் சோதித்தார்கள். மாணவர் மதிப்பெண்ணை உயர்த்தும் கணக்கு ஆசிரியருக்கு 15,000 டாலர் வரை ஊக்கத்தொகை. பரிசு உண்டு என்று சொன்ன ஆசிரியர்களின் வகுப்புகளும் பரிசு இல்லாத வகுப்புகளும் ஒட்டுமொத்தத்தில் ஒரே மாதிரிதான் இருந்தன. பள்ளி அளவிலும் இதே கதை. மிக மோசமான பள்ளிகளைப் புதுப்பிக்க மத்திய அரசு ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவழித்தது. தலைமை ஆசிரியரை மாற்று, பாதி ஆசிரியர்களை மாற்று, நேரத்தைக் கூட்டு என்று நிபந்தனைகள். 2017-இல் வந்த அதிகாரபூர்வ மதிப்பீடு, மதிப்பெண்ணிலோ பள்ளிப் படிப்பை முடிப்பவர் எண்ணிக்கையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. மோசமான பள்ளி எது என்று கண்டுபிடிக்கும் திறமை அரசுக்கு வந்துவிட்டிருந்தது. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஒரு பக்கம்கூட யாரிடமும் இல்லை.

இதற்குள் அரசியல் மாறிவிட்டது. 2011 வாக்கில் ஏறத்தாழ பாதிப் பள்ளிகள் இலக்கைத் தவறவிட்டிருந்தன. மத்திய அரசு மாநிலங்களுக்கு விலக்குக் கொடுக்க ஆரம்பித்தது. சட்டத்தின் ஆரம்பகால ஆதரவாளரும் முன்னாள் உதவிக் கல்விச் செயலருமான டயன் ராவிச் வெளிப்படையாக எதிர்த்தரப்புக்கு மாறினார். 2015-இல் நியூயார்க் மாநிலத்தில் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளில் ஐந்தில் ஒருவரைப் பெற்றோர் எழுத விடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் புதிய சட்டம் வந்தது. ஆண்டுத் தேர்வும் பிரித்துக் காட்டும் புள்ளிவிவரமும் அப்படியே இருந்தன. தண்டனையை என்ன செய்வது என்பது மட்டும் மாநிலங்களின் கைக்குப் போனது. நல்ல சமரசம் என்றுதான் அப்போது பேசினார்கள்.

பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் படம் அழகாக இல்லை. நேப் மதிப்பெண் 2013 வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. முதலில் சரிந்தவர்கள் அடிமட்டத்துப் பிள்ளைகள். 2022-இல், கொரோனாவுக்குப் பிறகு, கணக்கில் அதுவரை பதிவாகாத அளவு வீழ்ச்சி. 2024-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. அந்த மதிப்பீட்டின் வரலாற்றிலேயே இது அதிகம். நெருக்கடியைத் தளர்த்தியதுதான் காரணம் என்று பழைய சீர்திருத்தக்காரர்கள் சொல்கிறார்கள். கைபேசி அதே ஆண்டுகளில்தான் பிள்ளைகள் கைக்கு வந்தது, பொருளாதார நெருக்கடிக்குப் பின் பள்ளி நிதி வெட்டப்பட்டதும் அப்போதுதான் என்று மறுதரப்பு நினைவூட்டுகிறது. ஒரே காலத்தில் நடந்த மூன்று விஷயங்களைப் பிரித்தெடுப்பது கடினம். எந்தத் தரப்பும் அடித்துச் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை.

இந்தச் சரிவுக்கு நடுவில் மிசிசிப்பி மேலே ஏறியது. நாட்டின் மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று, கல்விப் பட்டியலில் எப்போதும் கடைசிப் பக்கம். 2013-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளை அதே வகுப்பில் இருக்க வேண்டும். இது நெருக்கடிதான், சந்தேகமில்லை. ஆனால் கூடவே, எழுத்தையும் ஒலியையும் இணைத்து முறையாக வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பலவீனமான பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள். அவர்கள் வகுப்பில் ஆசிரியர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை தடுமாறுவதை மழலையர் வகுப்பிலிருந்தே சோதித்தார்கள். நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-இல் 49-ஆம் இடத்தில் இருந்த மாநிலம் 2024-இல் 9-ஆம் இடத்துக்கு வந்தது. பலவீனமான பிள்ளைகளைக் கீழ் வகுப்பில் நிறுத்திவிட்டு மிச்சப் பேரை எண்ணினால் சராசரி ஏறத்தானே செய்யும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நிறுத்தப்பட்டவர்களும் அடுத்த ஆண்டு நான்காம் வகுப்புக்கு வந்துதானே ஆக வேண்டும்? அந்த ஒரு காரணத்தால் மட்டும் பத்தாண்டு ஏற்றத்தை விளக்கிவிட முடியாது.

அதே 2024-இல், நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் மாசசூசெட்ஸில் மக்கள் வேறு திசையில் வாக்களித்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்ததாகச் சான்று பெற மாநிலத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்த விதியை நவம்பர் வாக்கெடுப்பில் நீக்கிவிட்டார்கள். தேர்வு தொடர்ந்து நடக்கிறது. தோற்றால் சான்றிதழ் போகாது, அவ்வளவுதான்.

இப்போது மற்ற மாநிலங்கள் மிசிசிப்பியைப் பார்த்துச் சட்டம் எழுதுகின்றன. பிள்ளையைக் கீழ் வகுப்பில் நிறுத்தும் விதியை எழுதுவதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். ஆண்டுக்கணக்கில் பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுப்பதற்கு நிதிநிலை அறிக்கையில் இடம் வேண்டும். எந்த மாநிலம் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது, எது முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது என்பது இனி வரும் நேப் முடிவுகளில் தெரியும். மிசிசிப்பியிலேயே எட்டாம் வகுப்பில் இந்த அளவு ஏற்றம் இன்னும் வரவில்லை. அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிகிறது. பாடத்தின் பொருள் புரிய வரலாறும் அறிவியலும் தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு பாடங்களுக்கும் 2002 சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வு வைக்கவில்லை, பல பள்ளிகள் அப்போதே அவற்றின் நேரத்தைக் குறைத்துவிட்டன.